துறையின் பெயர் மாறினாலும் முகவரி மாறாமல்

பல்கலைக்கழகத் துறை ஒன்று தனக்கெனப் புதிய வலைத்தளம் அமைக்க முடிவெடுத்ததும் கூடுகிற முதல் குழுக்கூட்டத்தில் பெரும்பாலும் பேசப்படுவன முகப்புப் படம், நிறம், இலச்சினை ஆகியவையே. ஆனால் அத்தளம் இருபது ஆண்டுகளுக்குப் பின்னும் பயன்படுமா என்பதைத் தீர்மானிப்பவை வேறு: ஒவ்வொரு பக்கத்துக்கும் எத்தகைய முகவரி தரப்படுகிறது, ஒரே தகவல் எத்தனை இடங்களில் எழுதிவைக்கப்படுகிறது, எழுத்துகள் எந்தக் குறியாக்கத்தில் சேமிக்கப்படுகின்றன, இவற்றுக்கெல்லாம் பொறுப்பாளர் யார் என்னும், கூட்டக் குறிப்பேட்டில் அரிதாகவே இடம்பெறும் கேள்விகள். இவற்றுள் முகவரி பற்றிய கேள்வியே முதன்மையானது என்பதற்கு மும்பையின் மாட்டுங்கா பகுதி நல்லதொரு சான்றை வைத்திருக்கிறது.

அங்கு ஒன்றுக்கொன்று நடந்துசெல்லும் தொலைவில் இரண்டு பழைய கல்வி நிலையங்கள் உள்ளன. விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஆண்டான 1887-இல் பைகுல்லாவில் தொடங்கி, 1923-இல் மாட்டுங்காவுக்கு வந்த விக்டோரியா ஜூபிலி டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட், 1997-இல் சத்ரபதி சிவாஜியின் தாயார் பெயரால் வீரமாதா ஜிஜாபாய் டெக்னாலஜிக்கல் இன்ஸ்டிடியூட் ஆயிற்று. புதிய பெயரும் அதே நான்கு எழுத்துகளாகச் சுருங்கும்படி அமைந்ததால், ஊரார் நாவில் அது இன்றும் விஜேடிஐதான், அதன் இணைய முகவரியும் அந்த நான்கு எழுத்துகளில்தான் இருக்கிறது. மற்றொன்று, 1933 அக்டோபரில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறையாகத் தோன்றி, 1943-இல் மாட்டுங்கா வளாகத்துக்குக் குடிபெயர்ந்த யூடிசிடி. சென்னையில் பிறந்த சாய வேதியியலர் கே. வெங்கடராமன் தலைமை தாங்கி வளர்த்த இத்துறை, 2002-இல் தன்னாட்சி பெற்றபோது 'துறை' என்னும் பெயரை விட்டு 'நிறுவனம்' ஆனது. 2008-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி இன்ஸ்டிடியூட் ஆஃப் கெமிக்கல் டெக்னாலஜி என்று மீண்டும் பெயர் மாற்றிக்கொண்டது. ஒரு பல்கலைக்கழகத்தின் துறையே தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது பெருமைக்குரியது. ஆயினும் முன்பு யூடிசிடி டாட் ஆர்க் என முடிந்த அதன் மின்னஞ்சல் முகவரிகள் பிற்காலத்தில் ஐசிடிமும்பை டாட் ஈடியூ டாட் இன் என முடிவனவாயின. முந்தைய காலத்தில் உலகெங்கும் அச்சான ஆய்வுக் கட்டுரைகளின் முதற் பக்கத்தில், தொடர்புக்குரிய ஆசிரியரின் முகவரியாக அந்தப் பழைய வால்தான் இன்றும் நிற்கிறது. அச்சான கட்டுரையைத் திருத்துவார் எவருமில்லை.

பெயர் மாற்றம் எக்காலத்திலும் நடந்ததுதான். செம்பூரை அடுத்த தேவனாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், 1936-இல் சர் டோராப்ஜி டாட்டாவின் பெயர் தாங்கிய சமூகப்பணிப் பட்டப் பள்ளியாகத் தொடங்கி, 1944-இல் பெயரையும் 1954-இல் இடத்தையும் மாற்றிக்கொண்டது. அன்று அதற்கான செலவு புதிய கடிதத்தாள், புதிய ரப்பர் ஸ்டாம்ப், புதிய பெயர்ப்பலகை என்பதோடு பெரும்பாலும் முடிந்திருக்கும். பழைய முகவரிக்கு வந்த கடிதத்தைத் தபால்காரரே புதிய இடத்துக்குத் திருப்பிவிடுவார். இணையத்தில் அத்தகைய தபால்காரர் தாமாக வருவதில்லை. துறையே ஒருவரை நியமித்தாக வேண்டும்.

இது ஏன் என்பதற்கு இணைய முகவரி செயல்படும் முறையை அறிதல் வேண்டும். வலையில் உள்ள ஒவ்வொரு கணினிக்கும் எண்ணாலான அடையாளம் ஒன்று உண்டு. அந்த எண்ணை மனிதர் நினைவில் வைத்திருக்க இயலாததால், பெயரைக் கொடுத்தால் எண்ணைத் திருப்பித் தரும் அடைவு ஒன்றைப் பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் வடிவமைத்தார். டிஎன்எஸ் எனப்படும் இந்த டொமைன் பெயர் அமைப்பு, ஒரே பெரிய பட்டியலாக இல்லாமல் மரம்போல் கிளைத்து நிற்பது. வேர்நிலை சர்வர்கள் 'இன்' என்னும் இந்தியக் கிளையின் பொறுப்பாளரைக் காட்டும், அவர் 'ஏசி டாட் இன்' என்னும் கல்விக் கிளையைக் காட்டுவார், அக்கிளை விஜேடிஐ போன்ற நிலையத்தின் சர்வரைக் காட்டும். இந்தியக் கிளையின் தொடக்க வரலாறு மும்பையோடு பிணைந்தது. ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு 1986-இல் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி ஆய்வு வலையமைப்பில், ஸ்ரீனிவாசன் ரமணி தலைமையில் ஜூஹுவில் இயங்கிய தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும், பவாயிலுள்ள ஐஐடியும் முதல் கண்ணிகளுள் அடங்கும். 'இன்' கிளையின் பதிவேட்டையும் அந்த ஜூஹு மையமே பல ஆண்டுகள் பராமரித்தது. 2005-இல் அப்பொறுப்பு வேறு அமைப்புக்குச் சென்றபோதும், 'ஏசி டாட் இன்', 'ஈடியூ டாட் இன்', 'ரெஸ் டாட் இன்' ஆகிய கல்விக் கிளைகளில் பெயர் பதியும் உரிமை எர்நெட்டிடமே இருக்கிறது. தகுதிச் சான்று காட்டும் கல்வி, ஆய்வு நிலையங்களுக்கு மட்டுமே அவை கிடைக்கும்.

இந்தக் கட்டுப்பாடு அலுவலகத் தொல்லையாகத் தோன்றினாலும் உண்மையில் ஒரு காப்பு. 'ஆர்க்', 'காம்' போன்ற கிளைகளில் யார் வேண்டுமானாலும் பெயர் வாங்கலாம். வாங்கியவர் உரிய காலத்தில் கட்டணம் செலுத்தத் தவறினால், அப்பெயர் சந்தைக்குத் திரும்பி, அடுத்து வருபவரின் உடைமையாகும். பல ஆண்டுகள் கல்விப் பக்கங்கள் இருந்த முகவரிக்கு உலகின் மற்றத் தளங்களிலிருந்து வரும் இணைப்புகள் ஏராளமாதலால், கைவிடப்பட்ட அத்தகைய பெயர்களைத் தேடிப்பிடித்துச் சூதாட்ட விளம்பரத் தளங்களாக மாற்றுவோர் உண்டு. அதைவிடக் கெடுதலானது, அந்தப் பெயரில் முடியும் பழைய மின்னஞ்சல்களுக்கு வரும் கடிதங்களும், வேறு கணக்குகளின் கடவுச்சொல் மாற்றக் குறிப்புகளும் புதிய உடைமையாளர் கைக்குப் போகக்கூடும் என்பது. ஆகவே பெயர் மாறிய துறை புதிய டொமைனை வாங்குவதோடு நில்லாமல், பழையதையும் ஆண்டுதோறும் புதுப்பித்துவர வேண்டும். துறையின் மொத்தச் செலவில் இது மிகச் சிறிய தொகை. ஆனால் பயனில்லாத பெயருக்கு எதற்குப் பணம் என்று தணிக்கையில் கேட்கப்படும் தொகையும் இதுவேயாகும்.

டொமைன் பெயருக்குப் பின், சாய்கோடுகளால் பிரிக்கப்பட்டு நீளும் பகுதி பாதை எனப்படும். அதைத் தருவது முழுக்க முழுக்கத் துறையின் கையில் இருப்பதால், பெரும்பாலான தவறுகள் இங்குதான் நேர்கின்றன. வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இலேயே, மாறக்கூடிய எதையும் முகவரியில் வைக்கலாகாது என வற்புறுத்தினார்: பக்கத்தைத் தயாரித்த மென்பொருளின் பெயர், கோப்பு வகையைக் குறிக்கும் ஈறு, பொறுப்பில் உள்ளவரின் பெயர், 'புதிய', 'தற்போதைய' என்பன போன்ற அடைகள் ஆகியவை சில ஆண்டுகளில் பொய்யாகிவிடும். மாட்டுங்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் கெமிக்கல் டெக்னாலஜியில் இழைகள் மற்றும் நெசவுப் பதனத் தொழில்நுட்பம் என்று நீண்ட பெயர் கொண்ட துறை ஒன்று உண்டு. அத்தகைய பெயரை முழுதுமாகப் பாதையில் எழுதினால், பெயரில் ஒரு சொல் திருத்தப்படும் நாளில் நூற்றுக்கணக்கான பக்கங்களின் முகவரி செல்லாததாகும். பெயர்ப்பலகையில் எப்படி இருந்தாலும், பாதையில் குறுகிய, பொருள் குறைந்த, மாற்ற வேண்டிய தேவை எழாத ஓர் அடையாளமே நல்லது.

எவ்வளவு கவனித்தாலும் முகவரி மாறவேண்டிய நிலை வரும். அப்போது தேவைப்படும் தபால்காரர் ஒரு மூன்றிலக்க எண். உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும்போது, சர்வர் தன் விடையின் தலைப்பில் ஒரு நிலைக்குறியீட்டை அனுப்புகிறது: 200 என்றால் பக்கம் இருக்கிறது, 301 என்றால் நிரந்தரமாக இன்ன இடத்துக்குச் சென்றுவிட்டது, 302 என்றால் தற்காலிகமாக வேறிடத்தில் இருக்கிறது, 404 என்றால் காணவில்லை, 410 என்றால் வேண்டுமென்றே நீக்கப்பட்டது. 301 கிடைத்தால் உலாவி புதிய இடத்துக்குத் தானே செல்லும், தேடுபொறியும் தன் குறிப்பைத் திருத்திக்கொள்ளும். ஆகையால் புதிய தளம் வெளியாகும் முன், பழைய தளத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே அதன் புதிய இடத்தைக் காட்டும் இரண்டு பத்திப் பட்டியல் ஒன்று தயாராக வேண்டும். பொருத்தமான பக்கம் கிடைக்காதபோது எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பிவிடும் வழக்கம் பரவலாக உள்ளது. அது தேடி வந்தவரை வாசலில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துவதற்கு ஒப்பானதால், அதைவிட நேர்மையான 404 மேலானது.

இதன் அவசியத்தை அளவுகள் உணர்த்துகின்றன. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு 2023 அக்டோபரில் எட்ட முடியாதவையாகிவிட்டன. அறிவியல், தொழில்நுட்ப, மருத்துவக் கட்டுரைகளை ஆராய்ந்து 2014-இல் பிளாஸ் ஒன் இதழில் வந்த ஆய்வோ, ஐந்தில் ஒரு கட்டுரை, தான் மேற்கோளாகக் காட்டிய இணைப்பு இறந்தோ உள்ளடக்கம் மாறியோ போன குறையுடன் நிற்பதாகக் கண்டது. இதைத் தவிர்க்கவே, இடத்தைச் சுட்டாமல் பொருளைச் சுட்டும் நிலையடையாளங்கள் தோன்றின: ஆய்வுக் கட்டுரைகளுக்கு டிஓஐ எண்ணும், இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளைச் சேமிக்கும் சோத்கங்காவில் ஹேண்டில் எண்ணும் பயன்படுகின்றன. கோப்பு எந்தச் சர்வருக்குச் சென்றாலும், நடுவிலுள்ள பதிவேட்டில் ஒரு வரியைத் திருத்தினால் போதும், எண் மாறாது. ஆதலால் துறைத்தளம் தன் ஆய்வேடுகளின் பிரதிகளைத் தானும் அடுக்கிவைப்பதைவிட, இந்த எண்களைச் சுட்டுவதே அறிவுடைய செயல்.

முகவரிகளுக்கு அடுத்தது உள்ளடக்கத்தைத் தயாரித்தல். வலைத்தள வேலையில் காலத்தை மிகுதியாக விழுங்குவது நிரல் எழுதுவதன்று. பாடத்திட்டம், ஆசிரியர் விவரம், ஆய்வுக்கருவிகள், டெண்டர், சுற்றறிக்கை ஆகியவற்றைச் சேகரித்து, எது செல்லுபடியாவது, எது காலாவதியானது எனப் பிரிப்பதே. அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இது விருப்பம் சார்ந்ததுமன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆம் பிரிவு, பொது அமைப்புகள் எவரும் கேட்காமலேயே வெளியிட வேண்டிய 17 வகைத் தகவல்களை வரையறுத்திருக்கிறது. சேகரித்த பின் எழும் அறிவியல் கேள்வி, அவற்றை எப்படி வைப்பது என்பது. இணைப்பேராசிரியர் ஒருவர் பேராசிரியராகப் பதவி உயர்வு பெறுகிறார் என்றால், ஆசிரியர் பட்டியல், அவர் தனிப்பக்கம், ஆய்வகப் பக்கம், பாடக் குழுப் பக்கம் ஆகிய நான்கிலும் அவர் பதவி தனித்தனியே எழுதப்பட்டிருந்தால், அவற்றுள் ஒன்றாவது திருத்தப்படாமல் தங்கிவிடும். ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் 1970-இல் முன்வைத்த உறவுநிலைத் தரவுத்தள மாதிரி கற்பித்த அடிப்படை இதுவே: ஒரு தகவல் ஓரிடத்தில் மட்டும் எழுதப்பட வேண்டும், மற்ற இடங்கள் அதைச் சுட்ட வேண்டும்.

இக்கொள்கையை நிறைவேற்ற இருவழிகள் உள்ளன. வேர்ட்பிரஸ், துரூபல் போன்ற உள்ளடக்க மேலாண்மை மென்பொருள்கள், படிப்பவர் கேட்கும் ஒவ்வொரு முறையும் தரவுத்தளத்திலிருந்து தகவலை எடுத்துப் பக்கத்தை உருவாக்குகின்றன. எழுத்தர் ஒருவரே அறிவிப்பை ஏற்றிவிடலாம் என்பது இவற்றின் வசதி, ஆனால் மென்பொருளும் அதன் துணைச் செருகிகளும் இடைவிடாமல் புதுப்பிக்கப்படாவிட்டால் அத்துமீறி நுழைவோருக்கு வாயிலாகிவிடும். நிலைத்தள முறையில், தகவல்கள் எளிய உரைக்கோப்புகளாக இருக்கும். திருத்தம் நேரும்போது மட்டும் ஒரு நிரல் ஓடி எல்லாப் பக்கங்களையும் எச்டிஎம்எல் கோப்புகளாக ஆக்கிவைத்துவிடும். சர்வரில் ஓடும் நிரலோ தரவுத்தளமோ இல்லாததால் தாக்குவதற்கும் அங்கு அதிகம் இல்லை. தனிக் கணினிப் பொறியாளர் இல்லாத துறை, கவர்ச்சி குறைந்த இந்த இரண்டாம் வழியைத் தேர்வதே நன்று. வடிவமைப்பாளருக்குக் கொடுத்த ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஓடிக்கொண்டிருப்பது அதுதான்.

எழுத்துக் குறியாக்கம் மும்பையில் தனிக் கவனம் பெறவேண்டியது. மராத்தி அறிவிப்புகள் நெடுங்காலம் ஸ்ரீலிபி போன்ற எழுத்துருக்களில், தமிழில் பாமினிக்கு நேர்ந்தது போலவே, ஆங்கில எழுத்துகளின் எண்களுக்கு மேல் இந்திய எழுத்தின் உருவத்தைப் போர்த்தித் தட்டச்சிடப்பட்டன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கிலக் கோவைகளாகத் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் உலகப் பொதுவான எண் தரும் யூனிகோட் இதைத் தீர்த்தது. யூனிகோட் எண்களைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட்டும், தமிழ் அல்லது தேவநாகரிக் குறி மூன்று பைட்டும் கொள்ளும். 'வேதியியல்' என்னும் சொல்லில் உயிர்க்குறிகளும் புள்ளியும் சேர்ந்து ஒன்பது குறிகள் இருப்பதால் அது 27 பைட்டு. பக்கம் அனுப்பப்படும்போது நெருக்கிச் சுருக்கப்படுவதால் இதனால் பெரிய சுமை இல்லை. ஆனால் அதே சொல்லை முகவரியின் பாதையில் வைத்து நகலெடுத்தால், ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு மூன்று எழுத்தாக விரிந்து 81 எழுத்துக் கோவையாகிவிடும். உள்ளடக்கம் எம்மொழியில் இருந்தாலும் பாதையை எளிய எண்ணாகவோ குறுங்குறியாகவோ வைப்பதற்கு இது மற்றொரு காரணம். அச்சிட்டுக் கையொப்பமிட்டு ஸ்கேன் செய்த பிடிஎஃப் இன்னும் மோசம். அது எழுத்தின் புகைப்படமேயன்றி எழுத்தன்று, தேடுபொறிக்கும் புலப்படாது, பார்வையற்றோருக்குப் படித்துக்காட்டும் மென்பொருளுக்கும் புலப்படாது.

வேதியியல் துறைக்கு இதே சிக்கல் மூலக்கூறு வடிவிலும் வருகிறது. வளையங்களும் பிணைப்புகளும் கொண்ட கட்டமைப்புப் படங்களைத் தேட முடியாது. ஆகவே டேவிட் வைனிங்கர் 1988-இல் வெளியிட்ட ஸ்மைல்ஸ் என்னும் குறிமுறை, கட்டமைப்பை ஒரே வரியில் எழுத வழிசெய்தது. அதில் எத்தனாலுக்கு மூன்று குறிகளும் பென்சீன் வளையத்துக்கு எட்டுக் குறிகளும் போதும். படத்தின் மாற்றுரையில், அதாவது படத்துக்குப் பதிலாகப் படித்துக்காட்டப்படும் குறிப்பில், சேர்மத்தின் பெயரோடு இதையும் எழுதிவைத்தால், ஒரு சாயத்தின் மூலக்கூறைத் தேடுகிற ஆய்வாளருக்கு அத்துறை கண்ணில் படும்.

சாயத்தொழில் நுட்பத்துக்குப் பெயர்பெற்ற நிலையத்துக்கு நிறமாறுபாட்டு விதி விருந்தாக இருக்கும். வலை அணுகல்தன்மைக்கான உலக வழிகாட்டுநெறிகள், சாதாரண அளவு எழுத்துக்கும் பின்புலத்துக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கின்றன. ஒளிர்வைக் கணக்கிடுகையில் பச்சைக்கு ஏறக்குறைய 72 விழுக்காடும் சிவப்புக்கு 21 விழுக்காடும் நீலத்துக்கு 7 விழுக்காடும் எடை தரப்படும், ஏனெனில் மனிதக் கண் அவற்றை அந்த அளவில்தான் உணர்கிறது. இதன்படி வெள்ளைமீது கறுப்பு 21-க்கு 1. வெள்ளைமீது தூய மஞ்சள் 1.07-க்கு 1, அதாவது ஏறத்தாழ மறைந்தே போகும். வெள்ளைமீது தூய நீலம் 8-ஐத் தாண்டும். 'முக்கிய அறிவிப்பு' என்று எங்கும் பளிச்சிடும் தூய சிவப்போ 4-க்கு 1 என்ற அளவில் தேர்வில் தவறிவிடுகிறது.

மாட்டுங்காவிலிருந்து சில கிலோமீட்டரில், 2 சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டிய பரப்பில், திருநெல்வேலியிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த தமிழ்க் குடும்பங்கள் உட்பட இலட்சக்கணக்கானோர் வாழும் தாராவி இருக்கிறது. அங்கிருந்து முதல் பட்டதாரியாக விண்ணப்பிக்க முனைபவர் துறைத்தளத்தைப் பார்ப்பது பெரும்பாலும் கைப்பேசியில், பலர் பங்கிடும் அலைவரிசையில்தான். முகப்பில் வைத்த 5 மெகாபைட் புகைப்படம், விநாடிக்கு 1 மெகாபிட் வரும் இணைப்பில் இறங்க 40 விநாடி ஆகும். 6,000-க்கு 4,000 புள்ளிகள் கொண்ட அப்படத்தை 1,080 புள்ளி அகலத் திரைக்கு ஏற்பச் சுருக்கினால், புள்ளிகளின் எண்ணிக்கை முப்பதில் ஒரு பங்காகும். திரையில் வேறுபாடு தெரியாது. தொலைவுக்கும் விலை உண்டு. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சர்வர் ஏறத்தாழ 12,500 கிலோமீட்டருக்கு அப்பால் நியூயார்க்கில் இருந்தால், கேபிள் நேர்கோட்டில் சென்றாலும் ஒருமுறை போய்த்திரும்ப எட்டில் ஒரு விநாடி வேண்டும். தொடர்பை நிறுவ ஒன்று, மறைகுறியாக்கத்துக்கு ஒன்று, பக்கத்தைக் கேட்க ஒன்று என மூன்று முறை போய்த்திரும்பிய பிறகே முதல் எழுத்து வந்துசேரும். கடலடிக் கேபிள்கள் பல வெர்சோவா கரையில் ஏறும் நகரத்தில், தரவு மையங்கள் நவி மும்பையில் குவிந்திருக்கும்போது, அமெரிக்காவில் மலிவாகக் கிடைத்த இடத்தில் துறைத்தளத்தை வைப்பது வீண்சிக்கனம்.

தளம் தயாரானதும் வெளியிடும் நாளுக்கான முன்னேற்பாடு சுருக்கமானது. ஒரு பெயருக்குரிய எண்ணை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று உலகெங்கும் உள்ள அடைவுகளுக்குச் சொல்லும் ஆயுட்கால மதிப்பை, சில நாள் முன்பே மணிக்கணக்கிலிருந்து நிமிடக்கணக்குக்குக் குறைத்துவிட்டால், மாற்றும் அன்று பாதி ஊர் பழைய தளத்தையும் பாதி ஊர் புதியதையும் பார்க்கும் குழப்பம் நீளாது. பழைய தளத்தை அழிக்கும் முன் அதன் முழுப் பிரதியொன்றை, சர்வர் அனுப்பிய தலைப்புகளோடு சேர்த்துக் காக்கும் வார்க் என்னும் சர்வதேசத் தரக் கோப்பாக எடுத்து, நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும். 1996-இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவின் சேமிப்பில் அது இருக்கக்கூடும் என்ற நம்பிக்கை மட்டும் போதாது.

இவையனைத்தும் ஆட்களைப் பொறுத்தவை. டொமைன் புதுப்பிப்புக்கான நினைவூட்டல், பதிவின்போது கொடுக்கப்பட்ட மின்னஞ்சலுக்கே செல்லும். அது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் தனி அஞ்சல்பெட்டியாக இருந்தால், நினைவூட்டல் போனதே துறைக்குத் தெரியாது. பதிவேட்டில் தனிமனிதர் முகவரிக்குப் பதில் பதவியின் பெயரால் அமைந்த முகவரியைத் தருவதும், டொமைன் கணக்கின் கடவுச்சொல், மறைகுறியாக்கச் சான்றிதழ் காலாவதியாகும் தேதி, 301 பட்டியல் ஆகியவற்றைத் துறைத்தலைவர் மாறும்போது ஆய்வகச் சாவிகளோடும் இருப்புப் பதிவேட்டோடும் சேர்த்துப் பொறுப்பு ஒப்படைப்புப் படிவத்தில் வரிசையிட்டுக் கையொப்பம் பெறுவதும், எந்த மென்பொருளும் செய்துதராத வேலைகள். ஓய்வுபெற்றவரின் பக்கத்தையும் நீக்கத் தேவையில்லை. பணிபுரிந்த ஆண்டுகளைக் குறித்து, கைப்பேசி எண்ணை மட்டும் எடுத்துவிட்டு, அதே முகவரியில் விட்டுவைத்தால், அவர் கட்டுரையைப் படித்துவிட்டு எங்கிருந்தோ தேடி வரும் மாணவருக்கு அந்த ஆய்வை இப்போது தொடர்பவர் யார் என்று அங்கேயே ஒரு வரியில் சொல்லிவிடலாம்.